திக்கலைச் சுட்டிக்காட்டுவதா, கண்டும் காணாமல் இருப்பதா?

நேற்றுவரை கோவையாகப் பேசிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தை, இன்று "நா-நா-நான்" என்று முதல் அசையிலேயே சுற்றிச் சுற்றி நிற்கிறது. பெற்றோர் ஒரு பேச்சு சிகிச்சையாளரிடம் போகிறார்கள். "திக்காமல் பேசும்போது பாராட்டுங்கள், திக்கும்போது பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்" என்கிறார் அவர். மனம் ஒப்பாமல் இன்னொருவரிடம் போனால், "அதன் பேச்சைத் திருத்தவே வேண்டாம், நீங்கள் நிதானமாகப் பேசப் பழகுங்கள்" என்று நேர் எதிராகச் சொல்கிறார். இருவரும் முறையாகப் படித்தவர்கள். இருவருக்கும் பின்னால் பல ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது பெற்றோர்தான்.

முதல் முறைக்கு லிட்கம் திட்டம் என்று பெயர். சிட்னி நகரின் ஒரு புறநகர்ப் பகுதியின் பெயர் அது. மார்க் ஆன்ஸ்லோவும் அவருடைய சகாக்களும் ஆஸ்திரேலியாவில் இதை வளர்த்தெடுத்தார்கள். இரண்டாவது, 'தேவைகளும் திறன்களும்' என்ற கோட்பாட்டிலிருந்து பிறந்த மறைமுக முறை. குழந்தையின் பேச்சுத் திறன் தாங்கக்கூடிய அளவைவிடச் சூழலும் அதன் சொந்த ஆர்வமும் கூடுதலாகக் கேட்கும்போது பேச்சு தடுமாறுகிறது என்பது இதன் அடிப்படை. வுட்ரஃப் ஸ்டார்க்வெதர் போன்றவர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுதிவந்த கருத்து இது. நெதர்லாந்தில் மேரி-கிறிஸ்டின் ஃபிராங்கன் இதைப் படிப்படியான சிகிச்சையாக வகுத்தார்.

இரண்டுக்கும் இடையே உள்ள பகையின் வேர் இன்னும் பழையது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த வெண்டல் ஜான்சன், எல்லாக் குழந்தைகளும் தடுமாறித்தான் பேசுகிறார்கள், அதைக் கேட்டுப் பதறும் பெற்றோர்தான் திக்குவாயை உண்டாக்குகிறார்கள் என்று வாதிட்டார். 1939இல் அவருடைய மாணவி மேரி டியூடர், ஓர் அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார். நன்றாகப் பேசிய சில குழந்தைகளிடமும் 'உனக்குத் திக்குகிறது' என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தைகள் கூசிப்போனார்கள், பேசவே தயங்கினார்கள். ஆனால் திக்குவாயர்களாக மாறினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் 2001இல் மன்னிப்புக் கேட்டது. கோட்பாட்டுக்கு ஆதாரம் இல்லாமல் போனாலும், 'கண்டுகொள்ளாதீர்கள், தானாகச் சரியாகிவிடும்' என்ற அறிவுரை மட்டும் ஒரு தலைமுறைக்கும் மேல் மருத்துவர்களின் வாயில் தங்கிவிட்டது. இன்று திக்கலில் பரம்பரையின் பங்கு நன்றாகவே தெரிகிறது. 2010இல் டென்னிஸ் டிரேனாவின் குழு, திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை அடையாளம் கண்டது. பெற்றோரின் பதற்றம் குழந்தையின் மனநிலையைக் கெடுக்கலாம். திக்கலுக்கு அதுதான் காரணம் என்று இனி யாரும் அவர்கள் தலையில் கட்ட முடியாது.

லிட்கம் திட்டத்தின் துணிச்சல் இந்தப் பின்னணியில்தான் புரியும். சிகிச்சை தருபவர் தாயோ தந்தையோதான். சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் படப் புத்தகம், பொம்மை என்று ஏதாவது ஒரு விளையாட்டு. குழந்தை சிரமமில்லாமல் பேசும் அளவுக்கு எளிய கேள்விகள்.

"இது என்ன?"

"பெரிய யானை."

"அட, தடங்கலே இல்லாமல் சொன்னாயே!"

இப்படிப் பல பாராட்டுகள் போன பிறகு, எப்போதாவது ஒருமுறை, "அந்தச் சொல்லில் கொஞ்சம் முட்டியது, இல்லையா?" என்று குற்றம் சொல்லாத குரலில் ஒரு வார்த்தை. சில நேரம், "இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறாயா?" என்ற அழைப்பு. பாராட்டு மிக அதிகமாகவும் சுட்டிக்காட்டல் மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். இந்த அளவு தலைகீழானால் சிகிச்சை நச்சரிப்பாகிவிடும். கூடவே, அன்றன்றைய திக்கலின் கடுமைக்குப் பத்துப் புள்ளி அளவுகோலில் பெற்றோர் ஒரு மதிப்பெண் குறித்து வைக்கிறார்கள். திக்கல் இல்லாத நிலையை எட்டியதும் நின்றுவிடுவதில்லை. மருத்துவமனைக்குப் போகும் இடைவெளியை மெல்ல நீட்டிக்கொண்டே போகும் இரண்டாம் கட்டம் ஒன்று இருக்கிறது. பல குடும்பங்கள் அலுத்துப்போய்க் கைவிடுவதும் இந்தக் கட்டத்தைத்தான்.

மறைமுக முறையிலும் தினமும் கால் மணி நேரம் குழந்தையோடு உட்கார வேண்டும். ஆனால் அங்கே திருத்தப்படுவது பெரியவரின் நடத்தை. குழந்தை சொல்லி முடித்ததும் மூச்சு விடும் நேரம் காத்திருந்து பதில் சொல்வது, அடுக்கடுக்காகக் கேள்வி கேட்காமல் பார்ப்பதை விவரிப்பது, வாக்கியங்களைச் சிறிதாக வைத்துக்கொள்வது, அண்ணனோ அக்காவோ குறுக்கே புகாமல் பேச்சை முறை வைத்துப் பகிர்வது. குழந்தை ஓடி வந்து "அம்மா, அ-அ-அங்கே ஒரு பூ-பூனை" என்றால், 'மெதுவாகச் சொல்' என்று சொல்லக்கூடாது. "ஆமாம்... பூனை... அங்கே உட்கார்ந்திருக்கிறதே" என்று தாயே மெதுவாகச் சொல்ல வேண்டும். சொல்லிக் கேட்கும்போது எளிதாக இருக்கும். வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் தன் பேச்சின் வேகத்தைத் தானே பிடித்து நிறுத்துவது, குழந்தையைப் பாராட்டுவதைவிட எவ்வளவோ கடினம். குடும்பத்தின் அவசர நடையே மாற வேண்டியிருக்கும். சூழலின் அழுத்தம் குறைந்தும் திக்கல் தொடர்ந்தால், குழந்தையின் மொழித் திறனையும் வாயசைவையும் வலுப்படுத்தும் பயிற்சிகள் அடுத்து வருகின்றன. லண்டனில் உள்ள மைக்கேல் பேலின் மையத்தின் முறை இதன் ஒன்றுவிட்ட உறவு. விளையாட்டை வீடியோவில் பதிவு செய்து, தங்களிடம் ஏற்கெனவே உள்ள நல்ல பழக்கங்களைப் பெற்றோரே கண்டுபிடிக்கச் செய்வது அதன் சிறப்பு.

கண்டும் காணாமல் இருப்பது என்று நான் தலைப்பில் சொன்னது பழைய காலத்து மறைமுக முறைக்குத்தான் முழுதாகப் பொருந்தும். இன்று, குழந்தையே "எனக்கு வார்த்தை வரமாட்டேன் என்கிறது" என்றால் பேச்சை மாற்றாமல் அதோடு இயல்பாகப் பேசச் சொல்கிறார்கள்.

இனி எண்கள். 2005இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில் 3 முதல் 6 வயது வரையான 54 குழந்தைகள் இருந்தார்கள். 29 பேருக்கு லிட்கம், 25 பேர் அது பெறாத ஒப்பீட்டுக் குழு. இரு தரப்பும் நூறு அசைக்கு ஏறத்தாழ ஆறேழு திக்கல் என்ற நிலையில் தொடங்கின. ஒன்பது மாதம் கழித்து லிட்கம் குழு 1.5 சதவீதத்துக்கு வந்திருந்தது, மற்றது 3.9இல் நின்றது. இயற்கையாகக் குணமாவதைத் தாண்டி இந்தச் சிகிச்சை ஏதோ செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. சில ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, சிகிச்சையை வெற்றிகரமாக முடித்த 19 குழந்தைகளில் மூவருக்குத் திக்கல் திரும்பியிருந்தது. லிட்கம் ஆதரவாளர்கள் முதல் எண்ணைச் சொல்லும் அளவுக்கு இரண்டாவதைச் சொல்வதில்லை.

மறைமுக முறைக்கு இப்படி ஒரு சான்று இல்லையே என்று பல காலம் ஏளனம் செய்தார்கள். 2015இல் வெளிவந்த டச்சு ஆய்வு அந்த ஏளனத்தை அடக்கியது. 199 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு முறைகளையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். முதல் மூன்று மாதங்களில் லிட்கம் வேகமாக முன்னேறியது. பதினெட்டு மாதம் முடிந்தபோது திக்காதவர்கள் லிட்கம் பக்கம் 76.5 சதவீதம், மறைமுக முறையின் பக்கம் 71.4 சதவீதம். வேறுபாடு புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை, தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

ஆக இரண்டும் சமம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் எஹுட் யைரியும் நிக்கோலின் ஆம்ப்ரோஸும் 1999இல் வெளியிட்ட இல்லினாய் ஆய்வு இடையே வந்து நிற்கிறது. திக்கத் தொடங்கிய 84 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 74 சதவீதத்தினர் பெரும்பாலும் தானாகவே குணமாகியிருந்தார்கள். டச்சு ஆய்வின் இரண்டு எண்களுக்கும் பக்கத்தில் இந்த 74ஐ வைத்துப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும். அதற்காகச் சிகிச்சையே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இல்லினாய் ஆய்வு திக்கல் தொடங்கிய உடனேயே சேர்த்தவர்களைக் கணக்கிட்டது, காலமும் நீளம். டச்சு ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆறு மாதமாவது திக்கியவர்கள். தானாகக் குணமாகிறவர்களில் ஒரு பகுதியினர் அதற்குள் விலகியிருப்பார்கள். ஆனாலும் சிகிச்சை எதுவும் பெறாத மூன்றாவது குழு ஒன்று அங்கே இல்லை. ஒன்றரை ஆண்டு ஒரு குழந்தையைச் சும்மா வைத்துப் பார்ப்பது அறமா என்ற கேள்வி எந்த ஆய்வாளரையும் தடுக்கும். அதனால் இந்தத் துறையின் மிகப் பெரிய ஒப்பீடு, இரண்டில் எது மேல் என்பதற்கு விடை சொல்கிறது. ஒன்றுமே செய்யாததைவிட எவ்வளவு மேல் என்பதற்குச் சொல்லவில்லை.

காத்திருப்பது என்ற மூன்றாவது வழியும் போட்டியில் இருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவு. பெண் குழந்தை, தொடங்கிச் சில மாதங்களே ஆகின்றன, வாரா வாரம் குறைகிறது, குடும்பத்தில் யாருக்கும் நீடித்த திக்கல் இல்லை என்றால், சிகிச்சையாளரின் கண்காணிப்பில் காத்திருப்பேன். ஆண் குழந்தை, தந்தைக்கோ மாமாவுக்கோ இன்றும் திக்குகிறது, ஓராண்டை நெருங்குகிறது, குழந்தை முகத்தைச் சுளித்துப் பேச்சைப் பாதியில் விடுகிறது என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க மாட்டேன். அப்போது எதைத் தேர்வது? பாராட்டில் மகிழும் குழந்தைக்கு லிட்கம். யாராவது தன் பேச்சைக் கவனித்தாலே சுருண்டுகொள்ளும் குழந்தைக்கு மறைமுக முறை. ஒரு எச்சரிக்கை: எதையும் குறையாகவே பார்த்துப் பழகிய பெற்றோர் கையில் லிட்கம் ஆபத்தானது. டச்சு ஆய்வு எனக்குத் தரும் நிம்மதி இதுதான். குடும்பத்தின் குணத்துக்கு ஏற்றபடி தேர்ந்தாலும் பெரிய இழப்பில்லை.

பெரியவர்கள் விஷயம் வேறு. இங்கே தானாகக் குணமாகும் வாய்ப்பு அரிது, ஆகவே ஒப்பீடும் கறாரானது. ஒரு பக்கம் சரளத்தைக் கட்டியெழுப்பும் முறைகள். அறுபதுகளில் இஸ்ரேல் கோல்டயமண்ட், பேசுபவருடைய குரலைச் சற்றுத் தாமதித்து அவர் காதிலேயே ஒலிக்கச் செய்தபோது பேச்சு நீண்டு, திக்கல் மறைந்தது. அதிலிருந்து வளர்ந்தவை இவை. ஒலியை நீட்டு, மூச்சை அறுக்காதே, உதட்டையும் நாக்கையும் லேசாகத் தொடு. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 40, 60 அசை என்று ஆமை வேகத்தில் பேச வைத்து, படிப்படியாக வேகத்தைக் கூட்டினார்கள். சிகிச்சை அறையில் திக்கல் காணாமல் போகும். வெளியே வந்ததும், அந்தக் குரல் தன்னுடையதாக இல்லை என்று பலர் கைவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் காம்பர்டவுன் திட்டம் இந்தப் படிகளை வெட்டியெறிந்து, பதிவு செய்த ஒரு மாதிரிப் பேச்சைப் பின்பற்றச் சொல்கிறது. பேச்சு எவ்வளவு இயல்பாக ஒலிக்கிறது என்பதையும் அளக்கச் சொல்கிறது. 2003இல் வந்த அதன் முதல் ஆய்வில் சேர்ந்த 30 பேரில் முடித்தவர்கள் 16 பேர்தான்.

மறு பக்கம் சார்ல்ஸ் வான் ரைப்பர். அவருக்கே திக்கல் உண்டு. திக்காமல் பேச முயலாதே, எளிதாகத் திக்கப் பழகு என்றார். தொலைபேசியில் சொந்தப் பெயர் சொல்ல வேண்டியவரை நினைத்துக்கொள்ளுங்கள். உதடு ஒட்டி இறுகிவிட்டது. முதலில், சொல்லி முடித்த பிறகு நிறுத்தி, அதே சொல்லைத் தளர்வாக மீண்டும் சொல்லப் பழகுகிறார். அடுத்து, இறுக்கத்தின் நடுவிலேயே உதட்டின் அழுத்தத்தைக் குறைத்து வழுக்கி வெளியே வருகிறார். கடைசியில், சொல் வருவதற்கு முன்பே தளர்வாக நுழைகிறார். எண்களில் பார்த்தால் இந்த முறை தோற்கும். திக்கிய அசைகளை எண்ணினால் குறைவு சிறிதுதான். ஆனால் மெனு அட்டையில் சொல்ல எளிதான உணவையே தேடிக்கொண்டிருந்தவர் விரும்பியதைக் கேட்கத் தொடங்குவது அசைக் கணக்கில் வராது. 2008இல் வந்த ஓர் ஆய்வில், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை, திக்குபவர்களின் சமூக அச்சத்தைப் போக்கியது, திக்கலை அசைக்கவில்லை. பயமும் திக்கலும் தனித்தனியே சிகிச்சை கேட்பவை என்பது அதன் பொருள். பேசித் தீரவேண்டிய வேலையில் இருப்பவர் காம்பர்டவுனைத் தொடங்கட்டும். வாயைத் திறக்கவே அஞ்சுபவருக்கு வான் ரைப்பர்தான் முதலில். பேசுபவரின் குரலைத் தாமதித்துக் கேட்கச் செய்வது போன்ற, காதில் மாட்டும் கருவிகள் சிலருக்குச் சில காலம் உதவுகின்றன. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்றுக்குப் பெரிய தொகை கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

முறையைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது, அதைக் கொடுப்பவர் எங்கே பழகினார் என்பது. ஆஸ்திரேலியாவின் சாதாரண மருத்துவமனைகளில் லிட்கம் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தபோது, அதற்கென்றே தனிப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்களிடம் வந்த குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். பேச்சு சிகிச்சைப் படிப்பு பரந்தது. விழுங்கும் கோளாறு, பக்கவாதத்துக்குப் பிந்தைய மொழியிழப்பு, காது கேளாமை, குரல் கோளாறு என்று எல்லாவற்றுக்கும் நடுவில் திக்கலுக்குக் கிடைப்பது ஒரு பாடம். சில கல்லூரிகள் மாணவர்களைக் கடைக்கு அனுப்பி, வேண்டுமென்றே திக்கிப் பொருள் வாங்கிவரச் சொல்கின்றன. கடைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் அந்தச் சில நொடிகளை அனுபவித்தவர், பாடப்புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டவரைவிட நல்ல சிகிச்சையாளர் ஆவார் என்பது என் நம்பிக்கை.

முதல் சந்திப்பில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்த முறையில் உங்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார்? இரண்டு மாதத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் எதை மாற்றுவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு 'பொறுமையாக இருங்கள்' என்பது மட்டுமே பதிலாக வந்தால் வேறு ஒருவரைப் பாருங்கள்.