கல் குவாரிக் கருத்துக் கேட்புக் கூட்டம்: சென்று வந்தவரின் மதிப்பீடு

எங்கள் ஊர் ஏரிக்கு மேற்கே அமையவிருக்கும் கல் குவாரி தொடர்பாக நடந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை மக்களுக்கு உறுதியளித்துள்ள சேவை இது என்பதால், அந்த அறிவிக்கையையே அளவுகோலாக வைத்து எழுதுகிறேன்.

முன்னறிவிப்பில் குறையில்லை. விதிப்படி 30 நாள் அவகாசம் இருந்தது. நாளிதழிலும் விளம்பரம் வந்தது. பந்தலும் குவாரி இடத்திற்கு அருகிலேயே போடப்பட்டிருந்ததால் கூலி வேலைக்குச் செல்பவர்களும் வர முடிந்தது.

பெருங்குறை ஆவணத்தில்தான் இருந்தது. குவாரியால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் பாதிப்புகளை மதிப்பிடும், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட வரைவு அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்க, தமிழில் கிடைத்தது அதன் சுருக்கம் மட்டுமே. அந்தச் சுருக்கத்தில் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த கால்வாய், அறிக்கை தயாரித்தவர்களின் கண்ணில் மட்டும் படாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டத்தின் உண்மையான பயனை நான் உணர்ந்தது கடைசி அரை மணி நேரத்தில்தான். நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் கூட்டத்தினர் முன் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். வயதான அம்மா ஒருவர், கால்வாய் தூர்ந்தால் கடைமடை மதகுக்குத் தண்ணீர் ஏறாது என்று விளக்கமாகச் சொல்லியிருந்தார்; குறிப்பிலோ அது "தண்ணீர்ப் பிரச்சினை பற்றிப் பேசினார்" என்று சுருங்கியிருந்தது. நாங்கள் எழுந்து சுட்டிக்காட்டியதும், தலைமை வகித்த அதிகாரி மறுப்புச் சொல்லாமல் கால்வாய், மதகு என்ற சொற்களைச் சேர்த்து எழுதச் செய்தார். அந்தப் பொறுமைக்கு மனமார்ந்த நன்றி.

இது வாக்கெடுப்பு அல்ல. இத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதாலேயே திட்டம் நின்றுவிடாது. அனுமதி வழங்கும் ஆணையத்திற்கு எட்டு நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டியது இந்தக் குறிப்பும் வீடியோ பதிவும்தான். ஆகவே அடுத்த ஊரில் கூட்டத்திற்குப் போகிறவர்கள் சர்வே எண்ணோடு எழுத்து மனுவையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, குறிப்பு வாசித்து முடியும் வரை பந்தலை விட்டு எழாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.