வாசலில் ஆவாரை வைக்கலாமா?

புது வீட்டு காம்பவுண்டை ஒட்டி ஆவாரை வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கோவைப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் அது பல வருஷமாக நிற்பதால் என்னைக் கேட்டிருக்கிறார். கேட்ட நேரம்தான் சரியில்லை. இன்று காலைதான் யாரோ ஒரு கிளையைப் பட்டையோடு உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

செடியின் மேல் எந்தக் குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விதைத்தோல் கெட்டி என்பதால் வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, நேராகத் தரையிலேயே ஊன்றினேன். ஆணிவேர் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். கொஞ்சம் வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் விட்டேன், அப்புறம் வானம் பார்த்த பிழைப்புதான். சித்திரை வெயிலில் தொட்டி ரோஜா கருகிக் கிடக்க, இது பச்சையாக நிற்கும். வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் ஆகாது. உரம் கிரம் எதுவும் போட்டதில்லை.

நான் எதிர்பார்க்காதது வண்டுகளை. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். பெரிய கறுப்பு வண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பறக்காமல் உடம்பை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது வரும் ரீங்காரம் வேறு, இது வேறு. சட்டென்று சுருதி ஏறும். அந்த அதிர்வில் மகரந்தம் உதிர்ந்து அதன் வயிற்றில் மஞ்சளாக அப்பிக்கொள்ளும். காபி டம்ளரோடு பார்க்க நின்றால் ஆபீஸுக்கு நேரமாகிவிடும். மழைக்கு அப்புறம் வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகள் முட்டையிட்டுப் போக, பச்சைப் புழுக்கள் ஒரு பக்கத்தையே மொட்டையடிக்கும். மருந்தெல்லாம் வேண்டாம், தானாகத் துளிர்த்துவிடும்.

புழு தின்றால் துளிர்க்கிறது. மனுஷர்கள் கை வைத்தால்தான் பிரச்சினை. வாக்கிங் போகிறவர்கள் கையில் ஒரு கவர் இருக்கும். "சுகருக்குங்க கண்ணு, நாலே நாலு பூ" என்பார்கள். பூவைப் பறித்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? இவர்கள் நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். பூங்கொத்து வருவதே நுனியில்தான், மொட்டுகளும் சேர்ந்தே போய்விடும். ஆவாரம்பட்டை நார் மாதிரி, லேசில் அறுபடாது. ஒரு முழத்துக்குக் கிழிந்துகொண்டே இறங்கும். கிழிந்த கிளை அப்படியே காய்ந்துவிடும். ஒடித்த இடத்துக்குக் கீழே பக்கக் கிளை வெடித்துச் செடி அடர்த்தியாகிறது என்பதும் உண்மைதான். அதற்காக இவர்களுக்கு நன்றியா சொல்ல முடியும்?

உச்சம் போகி அன்று. எங்கள் ஊரில் அன்று வீட்டு வாசலில் கொத்தாகக் கட்டும் காப்புக்கட்டுக்கு வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் வேண்டும். சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் கேட்பாரில்லாமல் பூத்துக் கிடக்கிறது. ஆனாலும் விடியும் முன் என் வாசலில்தான் நிற்பார்கள். போன வருஷம் எங்கள் வீட்டுக் காப்புக்கே நான் கடையில்தான் பூ வாங்கினேன். தெலங்கானாவில் இதுதான் மாநில மலர், பதுக்கம்மா பண்டிகைக்கு அடுக்குவதும் இதைத்தான். அங்கே வாசலில் வைத்திருப்பவர்கள் என்ன பாடுபடுகிறார்களோ!

எனவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். தண்ணீர், உரம், மருந்து எதுவும் கேட்காத செடி, வருஷம் முழுக்கப் பச்சை, இத்தனையும் சொல்லிவிட்டுத்தான் வேண்டாம் என்கிறேன். காம்பவுண்டுக்கு வெளியே விராலி வையுங்கள். அதுவும் நம் ஊர்ச் செடி, வறட்சி தாங்கும், இலை உதிராது. அதைப் பறித்து டீ போட இன்னும் எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. இல்லை, ஆவாரைதான் வேண்டும் என்றால் கொல்லைப்புறத்தில் வையுங்கள். விதைக்கு மாசியில் வீட்டுக்கு வாருங்கள், மிச்சமிருக்கும் காய் முற்றியிருக்கும்.