'நேட்டிவ்' என்னும் ஒரு சொல்லோடு ஆறு ஆண்டுகள்

தம் நிரலை ஜிசிசி என்னும் தொகுப்பியில் (எழுதிய நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தொகுக்கும்போது 'மார்ச்=நேட்டிவ்' என்ற தெரிவைச் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். (மார்ச் இங்கே மாதமன்று, 'ஆர்க்கிடெக்சர்' என்பதன் சுருக்கத்துக்கு முன் ஓர் 'எம்' ஒட்டியிருக்கிறது.) ஆறு ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தியும் ஆம், இல்லை என்று உடனே சொல்ல வரவில்லை.

2007இல் வெளியான 4.2 பதிப்பிலிருந்தே உள்ள இத்தெரிவு, தொகுக்கும் கணினியின் செயலி எதுவென்று தானே கண்டறிந்து, அச்செயலி அறிந்த கட்டளைகள் அனைத்தையும் பயன்படுத்த அனுமதிக்கிறது. என் மேசைக்கணினியில் இருப்பது ஏஎம்டியின் ஸென் 2 செயலி. படங்களைச் சிறிதாக்கும் என் நிரலின் உள்சுற்று (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி), 32 பிட் மிதவைப்புள்ளி எண்கள் எட்டினை ஒரே கட்டளையில் பெருக்கத் தொடங்கியபோது உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். வட்டிலிருந்து படிப்பதிலேயே நேரத்தைக் கழிக்கும் நிரல்களில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

என் எரிச்சல் வேறு. அதே நிரலைப் பழைய மடிக்கணினிக்கு நகலெடுத்து இயக்கினேன். ஒழுங்காகத் தொடங்கியது, கோப்புகளைப் பட்டியலிட்டது, அந்தச் சுற்றை எட்டியதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று இரண்டே சொற்களை உதிர்த்துவிட்டு நின்றது. தொடக்கத்திலேயே மறுத்திருந்தால் காரணத்தை ஊகித்திருப்பேன். பாதியில் நின்றதால் நினைவகம் பழுதோ என்று ஓர் இரவு முழுவதும் அதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினியில் இருந்தது 2011ஆம் ஆண்டின் இன்டெல் சாண்டி பிரிட்ஜ் செயலி. பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் என்னும் கட்டளைத்தொகுதி அதற்குத் தெரியும். 2013இல் இன்டெலின் ஹாஸ்வெல் செயலியோடு வந்த அதன் விரிவாக்கமான ஏவிஎக்ஸ்2 தெரியாது. பிழை என்னுடையதுதான். ஆயினும், ஒரே மேக்ஃபைல் (தொகுக்கும் முறையை எழுதிவைக்கும் கோப்பு) இரண்டு கணினிகளில் இரு வேறு நிரல்களைத் தருவதும், எந்தச் செயலிக்காகத் தொகுத்தோம் என்பது 'மார்ச்=நேட்டிவ்' என்ற அதன் வரியில் எங்கும் பதிவாகாததும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியாதவை.

பிறகு விடைகளின் கடைசி இலக்கங்களும் மாறின. பெருக்கலையும் கூட்டலையும் இணைக்கும் எஃப்எம்ஏ கட்டளை இரண்டு முறைக்குப் பதில் ஒரே முறை முழுமையாக்குவதே (ரவுண்டிங்) காரணம். துல்லியம் கூடுகிறது, பழைய விடைகளோடு ஒப்பிடும் என் சோதனைகளோ தோற்கின்றன.

'எம்ட்யூன்' என்ற இன்னொரு தெரிவு இத்தகையதன்று. அது கட்டளைகளின் வரிசையையும் தேர்வையும் மட்டுமே குறிப்பிட்ட செயலிக்கு ஏற்பச் சீராக்கும். நிரல் எங்கும் ஓடும். 'எம்சிபியு' என்ற தெரிவு, இன்டெல், ஏஎம்டி செயலிகளின் எக்ஸ்86 குடும்பத்தில் 'எம்ட்யூன்' தெரிவுக்கே வழக்கொழிந்த பெயராகவும், கைபேசிகளில் காணும் ஆர்ம் செயலிகளில் 'மார்ச்', 'எம்ட்யூன்' இரண்டும் சேர்ந்ததாகவும் இருப்பது தனி வேதனை.

2020இல் வகுக்கப்பட்டு ஜிசிசி 11 முதல் கிடைக்கும் 'எக்ஸ்86-64-வி2', 'வி3' ஆகிய, செயலிக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டளைகளை வரையறுக்கும் படிநிலைகளே நேர்மையானவை, எழுதியதுதான் கிடைக்கும். என் இரண்டு கணினிகளுக்கும் வி2 பொருந்துகிறது. ஆகவே நண்பரிடம் நேட்டிவ் வேண்டாம், படிநிலையை எழுதுங்கள் என்றேன். அதைச் சொன்ன மாலையிலும் என் படநிரலை நேட்டிவிலேயே தொகுத்தேன். வி2இல் அந்த வேகம் வரவில்லை.