காரைக்குடியில் பழைய கதவு வாங்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், வாசலில் அடுக்கியிருக்கும் எனாமல் தூக்குகளையும் பீங்கான் ஜாடிகளையும் பார்த்து மயங்கி நின்றுவிடாதீர்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு வேண்டியது உள்ளே கிடங்கில்தான். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் நிலைகளும் அங்கே சுவரோரம் சாத்தியிருக்கும்.

நான் கொல்லைப்புறத்துக்கு ஒற்றைக் கதவு தேடினேன். பழைய கதவுகள் பலவற்றுக்குக் கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீண்டிருக்கும் முளை, அதாவது குடுமி, நிலையின் குழியில் பொருந்தித்தான் சுழலும். ஆகவே நிலையோடு சேர்த்தே வாங்க வேண்டும். கதவை மட்டும் மலிவாகத் தருகிறேன் என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். நிலையின் அடியைப் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் ஏறும். ஒரு கடையில் புது மரத்துக்குக் கறுப்பு பாலிஷ் பூசி, நூறு வருஷத்துக் கதவு என்றார்கள். உளித்தடமே இல்லாமல் இயந்திரம் இழைத்த பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான் வாங்கிய கடைக்காரர் வெடிப்பைத் தானே காட்டினார். விலையில் மட்டும் இம்மியும் இறங்கவில்லை. போகட்டும், மரம் அசல்.

தோட்டத்துக்குக் கல்தூண், ஆட்டுக்கல் எல்லாம் உண்டு. லாரி வாடகையையும் ஏற்றுக்கூலியையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பெயர்த்தெடுத்த ஆத்தங்குடித் தரைக்கல் மட்டும் வேண்டாம், மூலைகள் உடைந்தே வரும். ஆத்தங்குடியிலேயே இன்றும் கண்ணாடியின் மேல் வார்த்துப் புதிதாகச் செய்து தருகிறார்கள்.