சீனாய் மலை: ஒட்டகப் பாதையா, படிக்கட்டா?

ஜனவரியில் எகிப்து யாத்திரை போகும் எங்கள் ராயபுரம் குழுவில் இப்போது இதே பேச்சுதான். மலை 2,285 மீட்டர். சூரிய உதயம் பார்க்க நடு ராத்திரியே ஏறத் தொடங்க வேண்டும்.

ஒட்டகப் பாதை வளைந்து வளைந்து போகும், சரிவு குறைவு. முட்டி வலிக்காரர்கள் ஒட்டகத்திலேயே போகலாம். வழியில் பெதுயின் (பாலைவனப் பழங்குடி) மக்களின் தேநீர்க் கடைகள் உண்டு. கடைசி 750 படிகளை மட்டும் யாராயிருந்தாலும் நடந்துதான் ஏற வேண்டும்.

மற்றது, மலையடிவாரத்தில் உள்ள புனித கேத்தரின் மடத்துப் பின்புறமிருந்து செங்குத்தாக ஏறும் படிக்கட்டு. துறவிகள் அமைத்தது, சுமார் 3,750 படிகள் என்பார்கள். தூரம் குறைவு, அழகு அதிகம். ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரம். குளிர்கால இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், சில நாள் பனியும் பெய்யும். உறைந்த கல்லில் டார்ச் வெளிச்சத்தை நம்பிக் கால் வைப்பது ஆபத்து. மார்கழிக் குளிரே 20 டிகிரியோடு நின்றுவிடும் வடசென்னையில் வளர்ந்த நமக்கு இது புதுசு.

அறுபது தாண்டிய அம்மாக்களும் வருகிறார்கள். அதனால் ஏற ஒட்டகப் பாதைதான் என்பது என் உறுதியான கருத்து. மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். ஸ்வெட்டரை ஏறும்போதே போட்டு வியர்வையில் நனைக்காமல், உச்சியில் போட்டுக்கொள்ளுங்கள். முட்டி பலமுள்ளவர்கள் விடிந்த பிறகு படி வழியாக இறங்கலாம்.