ரிவர் கார்டைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பணம் வேறு வழியாகப் போனது

ஆன்லைன் போக்கரில் "தனி கிளப் இருக்கு, ஏஜென்ட்கிட்ட பணம் கட்டி பை-இன், டேபிள் ரொம்ப ஈஸி" என்று யாராவது கூப்பிட்டால், போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னை ஏமாற்றிய கிளப்பின் பெயரை எழுதவில்லை. இந்தக் கும்பல்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கும், பெயர் தெரிந்து உங்களுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. செய்முறை மட்டும் மாறாது, அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பேட் பீட் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் மொத்த ஏமாற்று வேலையும் அதன் நிழலில்தான் நடந்தது. ஜெயிக்க வேண்டிய கையை வைத்துக்கொண்டு, பணமெல்லாம் உள்ளே போன பிறகு, ரிவர் என்கிற கடைசிச் சீட்டில் தோற்பதுதான் பேட் பீட். (ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதல் மூன்று ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர்.) போக்கர் ஆடுகிற எல்லோருக்கும் வரும். ஆனால் லைவ் டேபிளில் வருவதும் போன் திரையில் வருவதும் ஒரே மாதிரி வலிப்பதில்லை.

லைவ் டேபிளில் நீங்கள் இரண்டு ஏஸ், எதிராளி இரண்டு கிங், ஆல்-இன், அதாவது மொத்த சிப்ஸும் உள்ளே. நூற்றுக்கு 82 தடவை ஏஸ்தான் ஜெயிக்கும். ரிவரில் மூன்றாவது கிங் விழுகிறது. பக்கத்தில் இருப்பவர் உச்சுக் கொட்டுவார். ஜெயித்தவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல், சிப்ஸை வாரும்போது "சாரி" என்று முணுமுணுப்பார். டீலர் உங்கள் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணி அந்தப் பக்கம் தள்ளுவார். அடுத்த கை கலைத்துப் போட ஒரு நிமிடமாவது ஆகும். அதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம், கிளம்பியும் விடலாம். நடந்த அநியாயத்துக்கு ஏழெட்டுப் பேர் சாட்சி. முக்கியமாக, அந்தக் கிங் எங்கிருந்து வந்தது என்று உங்கள் கண்ணே பார்த்தது: டீலர் கட்டின் மேலிருந்து ஒரு சீட்டை ஒதுக்கினார், அடுத்ததைத் திருப்பினார், முடிந்தது.

திரையில் இவை எதுவும் கிடையாது. ஆல்-இன் ஆனதும் இரண்டு கைகளுக்கு மேலும் சதவீதம் ஒளிரும்: உங்களுக்கு 95, அவருக்கு 5. ரிவர் கார்டை வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பிக் காட்டுவார்கள். என் கணிப்பில் இந்த 95-தான் பெரிய விஷமம். லைவ் டேபிளில் யாரும் இவ்வளவு துல்லியமாக எண்ணைக் காட்டுவதில்லை. "நான் முன்னே இருந்தேன்" என்று தோராயமாகத்தான் தெரியும். திரையில் 95 என்று பார்த்துவிட்ட மனசுக்கு அந்தப் பாட் (நடுவில் குவிந்த பந்தயப் பணம்) ஏற்கெனவே தன்னுடையது. போனதும் தோற்ற மாதிரி இருக்காது, யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கும். ஜெயித்தவர் ஒரு சிரிக்கும் பொம்மையை அனுப்புவார், சில செயலிகளில் உங்கள் படத்தின் மேல் தக்காளி எறியலாம். தக்காளி வழிந்து முடிவதற்குள் மறுபடி சிப்ஸ் வாங்கச் சொல்லும் ரீ-பை பெட்டி வந்து நிற்கும், பக்கத்தில் விநாடிகள் குறைந்துகொண்டிருக்கும். அழுத்தினால் அடுத்த கை. மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை.

வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லைவில் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கைகள்தான் ஆட முடியும். கையில் இரண்டு ஏஸ் சராசரியாக 221 கைகளுக்கு ஒருமுறை வரும், அதாவது ஒரு முழு நாள் உட்கார்ந்தால் ஒருமுறை. ஆன்லைனில் ஒரு டேபிளில் எழுபது கை என்றால்கூட, நாலு டேபிள் திறந்து வைத்தவருக்கு மணிக்கு ஒருமுறைக்கு மேல் ஏஸ் வரும். வந்தால் உடையவும் செய்யும். இரண்டே இரண்டு சீட்டுதான் எதிராளியைக் காப்பாற்றும் என்ற நிலையிலும், மீதி 44 சீட்டில் அந்த இரண்டில் ஒன்று விழ 22-க்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. லைவில் மாதக் கணக்கில் சிதறி வருகிற அடிகள் ஆன்லைனில் ஒரே இரவில் வரிசை கட்டும். கணக்கில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் இதை வாங்கிக்கொள்கிற மனசு "சாஃப்ட்வேர்ல ஏதோ பண்றாங்க" என்றுதான் சொல்லும்.

என் விஷயத்தில் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தது சரியாக இந்த இடத்தில்தான்.

இந்த கிளப் செயலிகளில் சிப்ஸுக்குப் பண மதிப்பு கிடையாது, பொழுதுபோக்குக்கு மட்டும் என்று செயலியே எழுதி வைத்திருக்கும். பணம் வெளியே கைமாறும். ஏஜென்டுக்கு அனுப்பினால் அவர் சிப்ஸ் ஏற்றுவார். ஜெயித்தால் அவரிடம்தான் திருப்பி வாங்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் கிளப் எடுக்கிற கமிஷனில், அதாவது ரேக்கில், ஏஜென்டுக்குப் பங்கு உண்டு, ஆகவே நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் டேபிளை விட்டு எழாமல் இருப்பதுதான் அவருக்கு வருமானம். என்னிடம் அவர் பேசிய விதம் இது:

"ப்ரோ, செம பேட் பீட் ப்ரோ. எனக்கே நேத்து ஏஸ் உடைஞ்சது. வேரியன்ஸ்தான், அதிர்ஷ்டம் ஏறி இறங்கறதுதான், திரும்பி வரும். சிப்ஸ் ஏத்திவிடட்டுமா? பணத்த அப்புறம் பாத்துக்கலாம், கணக்குல எழுதிக்கிறேன்."

என்ன அக்கறை! லைவ் டேபிளில் பக்கத்து ஆள் உச்சுக் கொட்டுகிற இடத்தை இவர் நிரப்பிக்கொண்டார். ரிவரைப் பற்றி நான் புலம்பப் புலம்ப அவரும் கூடவே புலம்பினார். சீட்டைப் பற்றியே பேச்சு ஓடினால் ஆட்களைப் பற்றிப் பேச்சு வராது அல்லவா?

ஆட்களைப் பார்க்க வைத்தது ஒரு கை. என்னிடம் ஏஸ்-கிங். ஃப்ளாப் 10-10-6, டர்னில் கிங். டேபிளில் வழக்கமாகச் சேர்ந்தே வரும் இருவரில் ஒருவர் பெட் (பந்தயம்) வைத்தார், அடுத்தவர் பெரிதாக ரெய்ஸ் செய்தார், அதாவது பந்தயத்தை ஏற்றினார். நான் ஃபோல்ட், கையைக் கைவிட்டேன். ரிவர் 3. முதல் ஆள் செக், அதாவது பந்தயம் வைக்காமல் விட்டார். இரண்டாம் ஆளும் செக். கை திறந்தால் இரண்டாம் ஆளிடம் கிங்-10, ஃபுல் ஹவுஸ் (மூன்று 10, இரண்டு கிங்). அதை வெல்ல இரண்டு கிங் ஒன்றுதான் முடியும். அதுகூடச் சாத்தியமில்லை, ஒரு கிங் என்னிடம் இருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, விடுங்கள். கடைசியாகப் பேசுகிறவர், எதிரே ஒரே ஆள், கையில் இந்த பலம், நடுவில் பெரிய பாட், பெட் வைக்கவில்லை. நான் உள்ளே இருந்தவரை ரெய்ஸ், நான் வெளியேறியதும் செக். ஒரு லைவ் டோர்னமென்டில் உச்சக் கையை வைத்துக்கொண்டு இப்படிக் கடைசியில் செக் செய்தால் நடுவர் வந்து விசாரிக்கலாம், தண்டனையும் கிடைக்கலாம். நண்பனுக்கு விட்டுக்கொடுத்து ஆடுவது அங்கே குற்றம்.

பழைய ஹேண்ட் ஹிஸ்டரியை, அதாவது ஆடிய கைகளின் பதிவைத் திறந்து அந்த இருவர் சேர்ந்த கைகளை மட்டும் பார்த்தேன். நான் பாட்டில் இருக்கும்போது ஒருவர் ரெய்ஸ், மற்றவர் ரீ-ரெய்ஸ். இரண்டு குயீன் வைத்திருந்தும் நடுவில் நசுங்கி ஃபோல்ட் செய்திருக்கிறேன். நான் போன மறு விநாடி முதல் ஆளும் ஃபோல்ட், யாரும் கை காட்டவில்லை. அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சிய பாட்டுகளில் ஒருவர் மேல் ஒருவர் பெட் வைத்ததே இல்லை. இருவரும் கையைப் பகிர்ந்துகொண்டால் தெரிந்த சீட்டு இரண்டுக்குப் பதில் நான்கு. மூன்று பேர் என்றால் ஆறு. நான் தேடுகிற சீட்டு இன்னும் கட்டில் இருக்கிறதா என்பதே அவர்களுக்குத் தெரியும். ஒருவேளை இருவருமே ஒரே ஆள், இரண்டு போன். அதுவும் சாத்தியம்தான்.

கவனியுங்கள், இப்படிப் போன பணத்தில் ஒரு பேட் பீட்கூட இல்லை. சின்னச் சின்னப் பாட்டுகள், மரியாதையான ஃபோல்டுகள், "நல்லவேளை தப்பித்தோம்" என்று நானே நினைத்துக்கொண்ட கைகள். தூக்கம் கெடுத்த ரிவர் அடிகளெல்லாம் பெரும்பாலும் வெறும் துரதிர்ஷ்டம். வலிக்காமல் போனதுதான் திருட்டு.

ஆன்லைன் போக்கரின் பழைய மோசடிகளைப் பார்த்தாலும் இதே கதைதான். 2007-ல் ஆப்சல்யூட் போக்கர் தளத்தில் பாட்ரிப்பர் என்ற கணக்கு மற்றவர்களின் மூடிய சீட்டைப் பார்த்து ஆடியது அம்பலமானது. சந்தேகம் எப்படி வந்தது? அந்தக் கணக்குக்கு அதிசய ரிவர்கள் விழுந்ததாலா? இல்லை. டோர்னமென்டின் கடைசிக் கையில் வெறும் பத்து ஹையை (ஜோடிகூட இல்லை, பெரிய சீட்டே பத்துதான்) வைத்துக்கொண்டு எதிராளியின் பெரிய பெட்டைக் கால் செய்தது, அதாவது அதே அளவு பணம் வைத்து ஏற்றது. மனிதனால் முடியாத கால். பிறகு தோற்றவர் ஹேண்ட் ஹிஸ்டரி கேட்க, தளம் தவறுதலாக எல்லோருடைய சீட்டும் இணைய முகவரிகளும் அடங்கிய கோப்பையே அனுப்பிவிட்டது, குட்டு உடைந்தது. அதன் சகோதரத் தளமான அல்டிமேட்பெட்டிலும் அடுத்த வருடம் இதே மாதிரி வெளிவந்தது. எதிராளியின் சீட்டு தெரிந்தவனுக்கு அதிர்ஷ்டம் தேவையே இல்லை. பின்தங்கியிருந்தால் ஃபோல்ட் செய்துவிடுவான்.

சீட்டுக் கலைப்பதிலேயே கோளாறு இருந்த காலமும் உண்டு, மறைக்க வேண்டாம். 1999-ல் பிளானட்போக்கர் பயன்படுத்திய மென்பொருளின் கலைப்பு முறையை, நேர்மையைக் காட்டுவதற்காக அதன் தயாரிப்பாளர்களே வெளியிட்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் சிலர் அதை எடுத்துப் பார்த்தார்கள். 52 சீட்டை அடுக்கும் வழிகள் 68 இலக்க எண். அந்த மென்பொருளால் அதிகபட்சம் சுமார் 430 கோடி அடுக்குகள்தான் உண்டாக்க முடிந்தது. அதிலும் தொடக்க எண் கணினியின் கடிகாரத்திலிருந்து வந்ததால், நேரத்தைப் பொருத்திப் பார்த்தால் சுமார் 2 லட்சம்தான் மிச்சம். தன் கையில் இரண்டு, ஃப்ளாப்பில் மூன்று, இந்த ஐந்து சீட்டு தெரிந்தால் போதும், எல்லோர் கையும் வரப்போகும் ரிவரும் உடனே தெரிந்தது. இப்போதைய பெரிய தளங்கள் கலைப்பு முறையைத் தணிக்கைக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்குகின்றன. கிளப்பிடம் நான் சொன்ன புகாருக்கும் ஒரு சான்றிதழ் படம்தான் பதிலாக வந்தது. நான் கேட்டது பக்கத்தில் உட்கார்ந்த இருவரைப் பற்றி, அனுப்பியது கலைப்பு சரியாக இருக்கிறது என்று. சீட்டு சுத்தம் என்று சொல்கிற காகிதம் ஆட்கள் சுத்தம் என்று சொல்லாது.

கல்லா சுத்தம் என்றும் சொல்லாது. 2011-ல் ஃபுல் டில்ட் போக்கர் விவகாரத்தில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் சொன்ன கணக்குப்படி, ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. உலகப் பெயர் வாங்கிய தளத்துக்கே அந்த நிலை. என் ஏஜென்டிடம் மீதி சிப்ஸுக்குப் பணம் கேட்டேன். முதலில் "வீக்எண்ட் முடியட்டும் ப்ரோ". பிறகு, "இன்னும் இத்தனை கை ஆடினாத்தான் எடுக்க முடியும், ரூல் அது". அந்த ரூல் சேரும்போது இல்லை. அந்த இருவரைப் பற்றி ஸ்கிரீன்ஷாட்டோடு கேட்டதும், "தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. பேட் பீட்ட தாங்க முடியலன்னா போக்கர் ஆடாதீங்க" என்று மரியாதை மாறிப்போனது. செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். பணம் வைத்து ஆட எங்கள் செயலியில் அனுமதியே இல்லை, கிளப்புக்குள் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு வரி வந்தது. பிரமாதமான ஏற்பாடு.

இன்னொரு கும்பலையும் சொல்லிவிடுகிறேன். பேட் பீட் வாங்கிய கையோடு "ஆன்லைன் போக்கர் மோசடியா" என்று தேடினால், "எதிராளி சீட்டைக் காட்டும் டூல்", "ரிவரை முன்கூட்டியே சொல்லும் சாஃப்ட்வேர்" என்று விற்கிறவர்கள் வந்துவிடுவார்கள். எனக்கும் வந்தது. நிறுவும்போதே திரையைப் பார்க்கும் அனுமதி கேட்கும். அடுத்தவர் சீட்டு உங்களுக்குத் தெரியாது, உங்கள் சீட்டு விற்றவனுக்குத் தெரியும். 2015-ல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓட்லானர் என்ற உளவு மென்பொருளைக் கண்டுபிடித்தது. போக்கர் உதவி மென்பொருள் போலவும் வேடமிட்டு உள்ளே வந்து, ஆடுகிறவரின் திரையைப் படமெடுத்து எதிராளிக்கு அனுப்பிய மென்பொருள் அது.

ஏற்கெனவே இந்த மாதிரி கிளப்பில் இருக்கிறவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது: ரிவரில் உடைந்த கைகளை விட்டுவிடுங்கள், நீங்கள் ஃபோல்ட் செய்த கைகளைத் திறந்து பாருங்கள். உங்களுக்குப் பின் யார் யாருக்கு வழிவிட்டார்கள், யார் யார் மேல் பெட் வைப்பதே இல்லை, யார் யாரோடு சேர்ந்தே உள்ளே வந்து சேர்ந்தே கிளம்புகிறார்கள். பெரிய தொகை சேரும் முன் ஒரு சின்னத் தொகையை எடுக்க முடிகிறதா என்று சோதியுங்கள். ஏஜென்ட் கடனாகத் தருகிற சிப்ஸைத் தொடாதீர்கள். பின்னால் நீங்கள் கணக்குக் கேட்கும்போது அவர் அதைத்தான் திருப்பிக் கேட்பார். சந்தேகம் வந்தால் ஏஜென்டிடம் சொல்வதற்கு முன்னாலேயே ஹேண்ட் ஹிஸ்டரி, பணம் அனுப்பிய ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கேள்வி கேட்டதும் கிளப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள், சிப்ஸோடு பழைய கைகளும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. முன்பே எடுத்து வைத்த சில படங்கள் மட்டும்தான் இப்போது என்னிடம் இருக்கும் ஆதாரம். அந்த ஏஸ்-கிங் கை நல்லவேளையாக அதில் இருக்கிறது.