கஷாயமா, சூரணமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களின் மளிகைக் கடைகளில் சளிக்கு நாட்டு மருந்து கேட்பவருக்குப் பெரும்பாலும் காய்ச்சிக் குடிக்கும் கஷாயச் சரக்கோ, குழைத்துச் சாப்பிடும் சூரணமோதான் கிடைக்கும்.

கஷாயத்தைச் சித்த மருத்துவம் குடிநீர் என்று குறிப்பிடுவதால், பொட்டலத்தில் 'நிலவேம்புக் குடிநீர்' என்றிருப்பதைக் கண்டு அதை அப்படியே கலக்கிக் குடித்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு முதலான 9 சரக்குகளின் கொரகொரப்பான பொடியே. அதைத் தண்ணீரிலிட்டு, சிறு தீயில் கால் பங்காக வற்றவைத்து, வடிகட்டி, ஆறுமுன் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்துக்குப் பின் அதற்கு வீரியமில்லை என்பது சித்த மரபு. காலையில் காய்ச்சியதைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்குச் சென்று மதியம் குடிப்பவருக்குக் கசப்புதான் மிச்சம்.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம அளவில் வறுத்து இடித்து, மெல்லிய துணியில் சலித்தெடுத்தால் திரிகடுகுச் சூரணம். 3 மாதம் வரை வைத்திருக்கலாம். குழைக்கத் தேன் இருந்தால் போதும். இருட்டோடு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டக் கிளம்புபவருக்கு இதுவே தோது என்பேன். வயிற்றுப் புண் உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்ப்பது நல்லது, காரம் அப்படி.

காய்ச்சல் என்றால் எந்தப் பொட்டலத்தையும் பிரிக்குமுன் டெங்கிச் சோதனைக்குக் கிளினிக் செல்ல வேண்டும். ஆலையில் தயாரித்து விற்கும் மருந்தாயின், 'எம்ஏஎல்' (MAL) எனத் தொடங்கி 'டி' (T) என முடியும் மலேசியச் சுகாதார அமைச்சின் பதிவெண் உள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.